வலையில் சிக்கி வந்த கூகை

திராட்சை பழுத்திருந்த ஒரு காலையில், பெங்களூரை அடுத்த தேவனஹள்ளிப் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பெரியவர் ஒருவர் கோணிப்பையோடு வந்தார். கிருஷ்ணகிரிக்காரர். பைக்குள் ஒரு கூகை. நைலான் வலை அதன் இடது இறக்கையைச் சுற்றி இறுகித் தோலை அறுத்திருந்தது. இரவு முழுக்கத் தொங்கியிருக்கிறது.

எந்தப் பறவை வந்தாலும் முதலில் மார்பைத்தான் தடவிப் பார்ப்பேன். வயிறாரத் தின்ற பறவைக்கு மார்பெலும்பின் இரண்டு பக்கமும் சதை திரண்டிருக்கும். பட்டினி கிடந்ததற்கு அந்த எலும்பு கத்தி விளிம்பைப் போல விரலில் இடறும். இந்தக் கூகைக்குச் சதை இருந்தது. எலி தேடி வந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"வலையை இதற்காகக் கட்டவில்லை டாக்டர். மைனாவும் கொண்டைக்குருவியும் ஒரு கொத்தைக்கூட விடுவதில்லை" என்றார். குரல் தழுதழுத்தது.

"சுற்றிலும் வேறு என்ன பயிர் இருக்கிறது?"

"எல்லாம் திராட்சைதான். அந்தப் பக்கம் தைலமரம்."

எனக்கு வேண்டிய விவரம் அதிலேயே இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே பழம் இருந்தால், பழம் தின்னும் பறவைகளெல்லாம் அங்கேதான் வந்து விழும். அதனால் வலை வருகிறது. ஓரிரவில் இரண்டு மூன்று எலிகளைத் தின்னும் கூகை அந்த வலையில் சாகிறது. பிறகு எலி பெருகுகிறது, மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியைத் தின்ற கூகைகளும் உள்ளே இரத்தம் கசிந்து என்னிடம் வந்திருக்கின்றன. வைட்டமின் கே ஊசி போடுவேன். பெரும்பாலும் பிந்திவிடும்.

பெங்களூரைச் சுற்றிய மானாவாரி நிலத்தில் ராகியைத் தனியாக விதைக்கும் வழக்கம் அதிகம் இருந்ததில்லை. கலந்து விதைக்கும் அந்த முறையைக் கன்னடத்தில் 'அக்கடி சாலு' என்பார்கள். சில வரிசை ராகிக்கு ஒரு வரிசை மொச்சை. இடையில் சோளம், ஆமணக்கு, கடுகு, பேயெள்ளு. ஒன்று பூக்கும்போது இன்னொன்று காய்க்கும். ராகி அறுத்த பிறகும் மொச்சை நிற்கும். உயிரினங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தானியம் தின்னும் தூக்கணாங்குருவிகூடத் தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியைத்தான். பலவகைப் பயிரும் களை பூத்த வரப்பும் இல்லாத இடத்தில் அந்தப் பூச்சிக்கு அது எங்கே போகும்? வரப்பை அழித்தால் முயலுக்கும் கீரிக்கும் மறைவிடம் போயிற்று. கலப்புப் பயிர் நிலம் தைலமரக் காடாக மாறியதில் புல்லும் புதரும் போயின. கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை போட்டது. நட்டவை இன்னும் பல இடங்களில் நிற்கின்றன.

இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வந்த அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடையும் அதில் உண்டு. மின்கம்பியில் உட்கார்ந்து வயலை நோட்டம் விடும் அந்த நீலச்சிறகுக்காரன் மிக அரிய பறவை ஒன்றுமல்ல. அதுவே குறைகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கால்நடை மருத்துவர் என்ற முறையில் நான் மறக்க முடியாத செய்தி பிரான்ஸிலிருந்து வந்தது. அங்கே அல்சாஸ் பகுதியில் மக்காச்சோளம் மட்டுமே விளையும் வயல்களில் ஐரோப்பிய வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) வேகமாக அழிந்துவந்தது. ஆய்வாளர்கள் பெண் வெள்ளெலிகளுக்கு மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை ஈன்ற குட்டிகளைத் தாங்களே தின்றன. காரணம், வைட்டமின் பி3 பற்றாக்குறை. அந்தச் சத்தைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் குட்டிகளை வளர்த்தன. 2017இல் இந்த ஆய்வு வெளியானது. வயிறு நிறைந்திருந்தும் சத்தில்லாமல் ஓர் இனம் இப்படிச் சிதைய முடியும்.

திராட்சை போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெங்களூர் நீலத் திராட்சை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. வலை கட்டினால் தளர்வாகத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். தடித்த, கண்ணில் படும் நூலாக இருக்கட்டும். விடிந்ததும் ஒரு சுற்று பாருங்கள். அறுவடை முடிந்த அன்றே கழற்றிவிடுங்கள். வேலியோரம் இரண்டு வரிசை மொச்சையும் ஆமணக்கும் போடுங்கள், ஒரு வரப்பையாவது வெட்டாமல் விடுங்கள். உழும்போது ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு சுற்றினால் டிராக்டரை நிறுத்தி மண்ணைப் பாருங்கள். கூழாங்கல் போல நான்கு முட்டைகள் இருக்கும். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அந்த இடத்தைச் சுற்றி உழுங்கள்.

பறவை சிக்கினால் வலையை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். காற்றோட்டமுள்ள இருட்டான அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றவேண்டாம்.

அந்தக் கூகைக்கு ஆறு வாரம் பிடித்தது. பெரியவர் வலையைக் கழற்றிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்ன பிறகு, அவருடைய பம்ப்செட் கொட்டகை அருகிலேயே அந்தி நேரத்தில் பெட்டியைத் திறந்தோம். சத்தமே இல்லாமல் எழும்பி, கொடிகளுக்கு மேலே தாழப் பறந்து போனது. வேலியோரம் மொச்சை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது.