குதிகால் வலிக்கு ஊசியும் படிக்கட்டும்

காலையில் எழுந்து முதல் நாலு எட்டு வைப்பதற்குள் குதிகாலுக்குச் சற்று மேலே சுரீரென்று பிடிக்கும். கொஞ்சம் நடமாடினால் போய்விடும். மாலை ஓட்டத்திலும் அதே கதைதான்: ஆரம்பத்தில் வலி, உடம்பு சூடேறியதும் ஒன்றுமில்லை, மறுநாள் காலையில் முன்னைவிடப் பலமாகத் திரும்பும். நெடுந்தூரம் ஓடுகிறவர்களிடம் அடிக்கடி காணப்படும் அக்கிலிஸ் தசைநாண் கோளாறு இது. இதற்கு, உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் செய்துகொள்ளலாமா, உடற்பயிற்சியே போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டும் உடம்பில் வெவ்வேறு இடத்தில் வேலை செய்பவை. அதைப் புரிந்துகொண்டால் எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் தெளிவாகிவிடும்.

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாண்தான் அக்கிலிஸ். ஓடும்போது இது உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு சுமையைத் தாங்குகிறது. கொலாஜன் என்ற புரத இழைகள் நெருக்கமாக, ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் இவ்வளவு வலு. ஆனால் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் தேறுவதும் மெதுவாகத்தான். ஓட்டத்தின் தூரத்தைத் திடீரென்று கூட்டினால் இழைகளின் ஒழுங்கு குலைகிறது, அந்த இடம் தடிக்கிறது, இல்லாத இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் முளைக்கின்றன.

தசைநாண் எவ்வளவு மெதுவானது என்பதைக் காட்டியது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த வெடிப்புச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏகத்துக்கும் கூடி, பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தது. சாப்பாட்டின் வழியே அது எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. எனவே ஒரு திசுவில் உள்ள கார்பன்-14 அளவைப் பார்த்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் அக்கிலிஸ் தசைநாணை இப்படிச் சோதித்தார்கள். ஏறத்தாழ 17 வயதோடு அதன் நடுப்பகுதி வளர்ந்து முடிந்துவிடுகிறது, அதன்பின் அங்கே புதுப்பிப்பு கிட்டத்தட்ட இல்லை என்று தெரிந்தது. நாற்பது வயதுக்காரர் இன்றைக்கும் பதின்ம வயதில் கட்டிய நாணை வைத்துத்தான் ஓடுகிறார்!

சரி, ஊசி என்ன செய்கிறது? மிக மெல்லிய ஊசி சதைக்குள் இறங்கும்போது அங்குள்ள நரம்பு இழைகள் தூண்டப்படுகின்றன. அந்தச் சமிக்ஞை தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞையின் வழியை மறிக்கிறது. மூளையில் எண்டார்பின் என்ற வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்க வைக்கிறது. ஊசி குத்திய இடத்திலேயும் ஒன்று நடக்கிறது. 2010இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் நரம்பியல் ஆய்வாளர் மைக்கன் நெடர்கார்டின் குழு எலிகளின் முழங்காலுக்கு அருகே ஊசி குத்தி, அவ்வப்போது திருகி, அரை மணி நேரம் வைத்திருந்தது. அந்த இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சுமார் 24 மடங்கு கூடியது; வலியும் குறைந்தது. அடினோசினை உணரும் ஏற்பி இல்லாத எலிகளுக்கு ஊசியால் எந்தப் பலனும் இல்லை.

ஆனால் புள்ளி பார்த்துக் குத்துவது எவ்வளவு முக்கியம்? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1162 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. முறைப்படி அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கும், புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். இடுப்புவலி வேறு, தசைநாண் வேறு. இருந்தாலும் வரைபடத்துப் புள்ளியைவிடக் குத்துவதும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும்தான் பெரும்பங்கு வேலை செய்கின்றன என்றே நான் இதைப் படிக்கிறேன். வலி குறைவது உண்மை. குலைந்த இழைகளை ஊசி அடுக்கி வைத்துவிடும் என்பதை மட்டும் நம்பவேண்டாம்.

நாணுக்கு வலு சேர்ப்பது சுமை. ஸ்வீடனின் உமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. அறுவை செய்யச் சொல்லிக் கேட்டும் அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் முழுசாக அறுந்தாலாவது அறுவை செய்வார்களே என்று, வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கும் பயிற்சியைச் செய்யத் தொடங்கினார். நாண் அறுபடவில்லை, வலிதான் போனது! 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஓடுவதை நிறுத்தவேண்டிய நிலையில் இருந்த 15 பேரும் பன்னிரண்டு வாரத்தில் பழையபடி ஓடினார்கள். சின்ன ஆய்வுதான், அதற்குப்பின் வந்தவற்றில் எல்லோருக்கும் இப்படிப் பலித்துவிடவில்லை. என்றாலும் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம் அதுதான்.

செய்முறை எளிது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நிற்கவேண்டும். நல்ல காலின் பலத்தில் மேலே எழும்பி, எடை முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படியின் மட்டத்துக்குக் கீழே இறக்கவேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலை, மாலை இரண்டு வேளையும். பழகிவிட்டால் முதுகுப்பையில் எடை ஏற்றிக்கொள்ளலாம். நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படி வேண்டாம். சமதரையில் செய்தால் போதும், கீழே இறக்கினால் நாண் எலும்போடு அழுந்தும்.

இந்தப் பயிற்சியில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் தணிந்துவிடவேண்டும் என்பது பிசியோதெரபிஸ்டுகள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது சுமை அதிகமா குறைவா என்று சொல்லும் அளவுகோலே வலிதான். ஊசி அதைத்தான் மங்கவைக்கிறது. அக்குபங்சர் முடிந்து வெளியே வந்ததும் கால் லேசாக இருக்கிறதே என்று அன்றைக்கே பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் அந்த அளவுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறார். வலியால் குதிகாலை இறக்கவே முடியாதவருக்கு முதல் சில வாரங்களில் ஊசி கைகொடுக்கலாம். படியில் நிற்கும் துணிச்சலாவது வரும். அப்போதும் எத்தனை சுற்று, எவ்வளவு எடை என்பதை அடுத்த நாள் காலை எழுந்து வைக்கும் முதல் எட்டுகளைப் பார்த்து முடிவுசெய்வதுதான் சரி.

ஊசி, படி இரண்டையும் ஒதுக்கிவைக்க வேண்டிய நேரமும் உண்டு. ஓடும்போது ‘டப்’பென்று சத்தம், பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி உணர்வு, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்றால், நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விட்டு, கெண்டைக்கால் சதையை ஒருவர் அமுக்கிப் பார்க்கவேண்டும். நல்ல காலாக இருந்தால் பாதம் தானாக அசைந்து, நுனிக்காலில் நிற்பதுபோல் நீளும். அசையாவிட்டால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விடவேண்டும்.