குன்னூரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

குன்னூரில் கொண்டைக்கடலையைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், கடலை மட்டும் லேசில் வேகாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் 100 டிகிரியைத் தொடும் முன்பே தண்ணீர் கொதித்துவிடுகிறது. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி குறையும். நம் மலை உயரங்களுக்கு இந்தத் தோராயம் நன்றாகவே பொருந்துகிறது.

உயரத்தை 'உ' என்றும் கொதிநிலையை 'கொ' என்றும் வைத்துக்கொண்டால்:

கொ = 100 − (உ ÷ 300)

பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். எழுத்து எதுவானாலும் இது ஒரு சார்பு: ஓர் உயரத்தைக் கொடுத்தால் ஒரே ஒரு கொதிநிலையைத் தரும். உயரத்துக்கு நேரே கொதிநிலையை எழுதும் அட்டவணையை நிரப்புவது என்பது இதே விதியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்ப்பதுதான். கடற்கரையில் உ = 0, விடை 100. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர், அங்கே 99. குன்னூரை 1,800 என்று வைத்தால் 94. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். 300-ஆல் வகுத்தால் 8.79, ஆக சுமார் 91.2.

பக்கத்து வீட்டுப் பெண் இதையெல்லாம் கடகடவென்று போட்டுவிட்டாள். அப்புறம் உ = −300 கொடுத்தேன். சாக்கடல் கரை கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, எனவே இது வெறும் கற்பனை எண் அல்ல. அவள் 99 என்று எழுதினாள்.

"கழித்தல்தானே அத்தை, குறையணும்ல?"

பெரும்பாலான பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். எண்ணை முதலில் அடைப்புக்குறிக்குள் எழுதச் சொன்னேன்: 100 − (−300 ÷ 300) = 100 − (−1) = 101. கீழே போனால் காற்றழுத்தம் கூடும், கொதிநிலையும் கூடும். குறியின் கணக்கும் அதையே சொல்வதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதற்காகத்தான் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன்.

சரி, நிரப்பியது சரியா என்று எப்படித் தெரியும்? உயரத்தைச் சம இடைவெளியில் எடுங்கள்:

உ: 0, 600, 1,200, 1,800, 2,400
கொ: 100, 98, 96, 94, 92

ஒவ்வொரு படிக்கும் 2 குறைகிறது. நடுவில் 97 என்று வந்தால் தப்பு அங்கேதான். நேரிய சார்புக்கு மட்டுமே இப்படி வித்தியாசம் மாறாமல் இருக்கும். வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். எண்ணின் வர்க்கம் என்றால் 1, 4, 9, 16 என்று போகும், வித்தியாசம் 3, 5, 7 என்று ஏறும்.

அட்டவணையைத் திருப்பியும் படிக்கலாம். 93 டிகிரியில் கொதித்தால் உ = 300 × 7 = 2,100, கொடைக்கானல் உயரம். 19-ஆம் நூற்றாண்டில் மலையேறிய அளவையாளர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தே உயரத்தைக் கணித்தார்கள். வெப்பமானியில் பத்தில் ஒரு டிகிரி பிசகினாலும் உயரம் 30 மீட்டர் பிசகிவிடும்.