விமானத்தைச் சுற்றி ஒரு வட்டம்

வெளிநாட்டில் விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரை ஐ.சி.யூ. வசதியுள்ள ஜெட்டில் ஊருக்குக் கொண்டுவரும் மீட்புச் சேவைக்கு வரைபட மென்பொருள் எழுதச் சொன்னால், எந்த புரோகிராமரும் முதல் நாளே ஒன்றைச் செய்துவிடுவார். விமானம் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி. எரிபொருள் நிரப்பாமல் அது போகக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டம். நோயாளி வட்டத்துக்குள் இருந்தால் நேரே போகலாம். வெளியே இருந்தால் நடுவில் எங்காவது இறங்க வேண்டும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது.

சுவிட்சர்லாந்தின் ரேகா அமைப்பை எடுத்துக்கொள்வோம் (கைரேகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). 1952இல் தொடங்கியது. ஜூரிக் விமான நிலையத்தில் அதற்கு 3 சேலஞ்சர் 650 ஜெட்டுகள் உண்டு. தயாரிப்பாளர் கணக்குப்படி இந்த ரகம் ஒரே மூச்சில் சுமார் 7,400 கி.மீ. போகும். அந்த ஆரத்தில் ஜூரிக்கைச் சுற்றி வட்டம் போட்டால் என்ன வரும்? வட்டம் வராது. ஜூரிக்கிலிருந்து வட துருவம் 4,700 கி.மீ. தூரம்தான், ஆகவே துருவமே வட்டத்துக்குள் விழுந்துவிடுகிறது. நாம் போனில் பார்க்கும் மெர்கேட்டர் வகைப் படத்தில் துருவம் என்ற புள்ளியே கிடையாது. வடக்கே போகப்போக எல்லாம் இழுபட்டு, 85 டிகிரி வாக்கில் படம் வெட்டுப்படும். அதனால் நம் வட்டம் இடது ஓரத்தில் (ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே உள்ள) பேரிங் நீரிணை பக்கம் தொடங்கி, கீழே நமீபியாவுக்கு மேற்கே தென் அட்லாண்டிக் வரை இறங்கி, வலது ஓரத்தில் மறுபடி பேரிங் பக்கமே ஏறி முடியும் ஒரு தொங்கல் கோடாகிவிடும். இது தெரியாத நிரல் கோட்டின் இரு முனைகளையும் நேராக இணைத்து உள்ளே நிறம் அடிக்கும். ஆர்க்டிக் முழுக்க வெள்ளையாக விடுபடும். ஜூரிக்கிலிருந்து 2,500 கி.மீ. தொலைவில் இருக்கும் நார்வேயின் டிரோம்சோ நகரம் 'எட்டாத இடம்' என்று காட்டும்!

இதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். அடுத்தது காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவின் அட்சரேகை வாக்கில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் காற்று அடிப்பது சாதாரணம். ஜூரிக்கிலிருந்து நம் பக்கம் வரும்போது அது முதுகில் தள்ளும். நோயாளியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும். ஆக ஒரே விமானத்துக்குப் போக ஓர் எல்லை, வர ஓர் எல்லை. காற்று முன்னறிவிப்பு புதிதாக வரும்போதெல்லாம் இரண்டும் மாறும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் நோயாளியின் உடம்பு. பயணிகள் விமானத்தின் கேபினில் தரைமட்டக் காற்றழுத்தம் இருப்பதில்லை; 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ள அளவுதான் இருக்கும். 8,000 அடி என்றால், மூடிய இடத்தில் சிக்கிய காற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பும். மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவது இதனால்தான். பாக்கெட் உப்பினால் நஷ்டமில்லை. விலா எலும்பு முறிந்து, நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கியவருக்கு அது உப்பினால் உயிருக்கே ஆபத்து. கண்ணில் வாயுக் குமிழி வைத்து அறுவை செய்துகொண்டவருக்குப் பார்வை போகலாம். ஆழ்கடலில் இருந்து அவசரமாக மேலேறி ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டானவருக்கும் இதே கதிதான்.

அப்படிப்பட்டவர்களுக்காக டாக்டர் "தரைமட்ட அழுத்தத்தில் பறங்கள்" என்பார். உள்ளே அழுத்தம் கூடக்கூட விமானத்தின் உடல் ஊதிய பலூன் மாதிரி வெளிநோக்கித் தள்ளப்படும். உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் அது தாங்கும் வித்தியாசத்துக்கு வரம்பு உண்டு. மேலே போகப்போக வெளியே அழுத்தம் குறையும், வித்தியாசம் கூடும். ஆகவே 40,000 அடியில் போகவேண்டிய ஜெட் 20,000 அடி சொச்சத்துக்கு இறங்கிப் பறக்க வேண்டும். அங்கே காற்று அடர்த்தி. என்ஜின் எரிபொருளை மடமடவென்று குடிக்கும், தூர எல்லை சுருங்கும். நல்ல மென்பொருளில் மருத்துவப் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை டிக் செய்ததும், வரைபடத்தில் எல்லை கண்ணெதிரே சுருங்க வேண்டும். கொழும்பு ஜூரிக்கிலிருந்து சுமார் 8,000 கி.மீ. எப்படியும் ஒரு முறை இறங்கித்தான் ஆக வேண்டும். டிக் விழுந்தால் அது இரண்டாகலாம். இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் ராத்திரி எரிபொருள் கிடைக்குமா, ஓடுபாதை திறந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். வான்வெளி அனுமதி வேறு. 1944 சிகாகோ ஒப்பந்தப்படி தன் வானத்துக்கு அந்தந்த நாடே எஜமானர். 2019இல் பாகிஸ்தான் பிப்ரவரி கடைசி முதல் ஜூலை வரை வான்வெளியைப் பெருமளவு மூடியபோது, எத்தனையோ விமானங்கள் சுற்றித்தான் போயின.

அப்புறம், அற்ப விஷயம் போலத் தெரியும் இடக்குறிப்பு. மலையில் இருந்து போனில் ஒருவர் "27 டிகிரி 50 நிமிடம்" என்கிறார். இந்தப் பக்கம் 27.50 என்று தட்டிவிட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்; 50 நிமிடம் என்பது 0.83 டிகிரி. அவரை மீட்கப் போகும் ஹெலிகாப்டர் 37 கி.மீ. தள்ளிப் போய்த் தேடும். அட்சரேகை முதலில் வருமா தீர்க்கரேகையா என்பதில் புரோகிராமர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. கொழும்பின் 7 (அட்சரேகை), 80 (தீர்க்கரேகை) இடம் மாறினால் ஆள் வட துருவத்துக்குக் கிட்டே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் பனிக்கடலில் இருப்பார். அது பரவாயில்லை, பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்தலாம். 37 கி.மீ. பிழையைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. அதுவும் மலைதான், இதுவும் மலைதான். ஊர்ப் பெயரைத் தட்டினாலும் ஹைதராபாத் இந்தியாவிலும் உண்டு, பாகிஸ்தானிலும் உண்டு. அதனால் தட்டிய இடத்தை நாட்டின் பெயரோடும், அருகிலுள்ள விமான நிலையத்தோடும், நோயாளி இருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதோடும் உடனே திருப்பிச் சொல்லும்படி திரையை அமைப்பது நல்லது.

விமானம் கிளம்பியாகிவிட்டது. திரையில் அது அரபிக்கடல் மேல் நகர்கிறது. நிஜமாக நகர்கிறதா? விமானம் ஒலிபரப்பும் இடத்தகவலைப் பிடிக்கும் தரைக் கருவிகளுக்குக் கரையிலிருந்து சுமார் 400 கி.மீ. வரைதான் எட்டும். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியே சில நிமிடங்களுக்கு ஒரு முறை தகவல் வரும். 5 நிமிடத்தில் ஜெட் 70 கி.மீ. போயிருக்கும். இடைவெளியை மென்பொருள் தானாக ஊகித்து, பொம்மை விமானத்தை வழவழவென்று நகர்த்திக் காட்டலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தில் திடமான குறி, ஊகித்த இடத்தில் வெறும் கோட்டுருவம், பக்கத்தில் '6 நிமிடம் முன்பு' என்று பொடி எழுத்து. ராத்திரி 3 மணிக்கு அந்தத் திரையைப் பார்த்து ஆம்புலன்ஸை ஓடுபாதைக்கு அனுப்புகிறவருக்கு அந்தப் பொடி எழுத்துதான் வேண்டும்.