பீஸ்பில்டிங்: அமைதியா, இணக்கமா?

பீஸ்பில்டிங்கிலும் நாட்டுப் பாதுகாப்பிலும் பெண்களின் இடத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது, ‘பெண்களை உள்ளடக்கிய அமைதிக் கட்டமைப்பு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பீஸ்பில்டிங் (peacebuilding) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இது பொருந்துகிறதா?

1970களில் நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் ஆய்வுலகில் புழங்கவிட்ட சொல் இது. 1992-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலியின் அறிக்கை வழியாக அரசுகளின் வாய்க்கு வந்தது. படையை நடுவில் நிறுத்திச் சண்டையைத் தடுப்பது பீஸ்கீப்பிங். பேசி ஒப்பந்தம் போடவைப்பது பீஸ்மேக்கிங். நிலம், நீதி, பிழைப்பு என்று சண்டைக்குக் காரணமானவற்றைச் சரிசெய்து, அது மறுபடி மூளாமல் பார்ப்பது பீஸ்பில்டிங்.

தமிழில் மூன்றுக்கும் ‘அமைதி’ என்றே போடுகிறோம். ‘அமை’ என்ற வேரிலிருந்து வந்த நல்ல சொல்தான். பொருந்தியிருப்பது என்பது அதன் பழைய பொருள். பிழையானாலும் ஏற்கலாம் என்று இலக்கணம் விடுவதற்கு ‘வழுவமைதி’ என்றே பெயர். ஆனால் இன்று வீட்டில் ஒரு பெண்ணிடம் “அமைதியா இரு” என்றால் என்ன அர்த்தம்? வாயை மூடு என்பதுதான். பெண்கள் பேசவேண்டிய இடத்தைப் பற்றிச் சொல்ல இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. ‘கட்டமைப்பு’ என்றாலோ சாலையும் பாலமும்தான் நினைவுக்கு வருகின்றன.

‘சமாதானம்’ வடசொல். சேர்த்து வைப்பது என்பது அதன் மூலப்பொருள். இலங்கைத் தமிழர்கள் 2002-இல் தொடங்கிய போர்நிறுத்த நாட்களை ‘சமாதான காலம்’ என்பார்கள். அப்போது அரசும் புலிகளும் நடத்திய பேச்சுவார்த்தையில் பெண்கள் பிரச்சினைக்கென்று ஓர் உபகுழு அமைத்தார்கள். இரு தரப்பிலும் பெண்களே உறுப்பினர்கள். 2003-இல் பேச்சு முறிந்ததும் அதுவும் நின்றுபோனது. தமிழ்நாட்டிலோ “சமாதானம் சொல்லாதே” என்றால் சாக்குச் சொல்லாதே என்று ஆகிவிட்டது.

சமரசம் என்பதற்கு வட ஆற்காட்டுக்காரர்கள் வாயில் வருவது ‘ராஜி’. அரபியிலிருந்து நவாபு காலத்துப் பாரசீகம் வழி வந்தது. ராஜிநாமா என்றால் முதலில் இசைவுப் பத்திரம். இப்போது வேலையை விடுகிற கடிதம். எங்கள் ஊரில் இரண்டு பங்காளிகள் கிணற்று முறைத்தண்ணிக்காக அடித்துக்கொண்டார்கள். அரசமரத்தடியில் பஞ்சாயத்து கூடி, ராஜி என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியது. அப்புறமும் ஒரு வருஷம் இரண்டு வீட்டு மருமகள்களும் முகம் பார்க்கவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு என் ஆயா முறத்தோடு போய் இரண்டு வீட்டிலும் கேழ்வரகு மாவு வாங்கிவந்து, ஒரே அண்டாவில் கொட்டினாள். துடுப்பை ஒருத்தி கையில் கொடுத்தாள், கரைத்த மாவை இன்னொருத்தியை ஊற்றச் சொன்னாள். கட்டி விழாமல் இருக்க இருவரும் பேசித்தானே ஆகவேண்டும்? யாருக்கு எந்தக் கிழமை தண்ணி வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவானது. பஞ்சாயத்து செய்தது பீஸ்மேக்கிங். ஆயா செய்ததுதான் பீஸ்பில்டிங்.

பீஸ்மேக்கிங்குக்குத் தமிழில் ‘சந்து செய்தல்’ என்ற சொல் உண்டு. சந்தி என்பதிலிருந்து வந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை நினைத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. பீலி அணிந்து நெய் பூசிக் காவல் மனையில் பளபளக்கும் தொண்டைமானின் வேல்களையும், போரில் முனை மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் ஒப்பிட்டாள். தொண்டை நாட்டில் அரசன் முன் நின்று ஒரு பெண் பேசிய பாதுகாப்புக் கொள்கை அது.

பீஸ்பில்டிங்குக்கு நான் சொல்வது ‘இணக்கம் வளர்த்தல்’. ‘இணங்கிப் போ’ என்று பெண்ணிடம் மட்டும் சொல்கிற வழக்கமும் இருக்கிறது, தெரியும். ஆனால் இணக்கத்துக்கு இருவர் வேண்டும், ஒருத்தி மட்டும் விட்டுக்கொடுப்பது இணக்கம் ஆகாது.

அடுத்தது ‘உள்ளடக்கிய’. அதற்குள்ளேயே ‘அடக்கு’ இருக்கிறது. இதைவிடப் ‘பங்கு’ நேரான சொல். ‘பங்காளி’ என்றால் ஆண்வழி உறவு என்றிருந்த ஊரில், 1989-இல்தான் தமிழக அரசின் சட்டம் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்றது. கேட்டு வாங்குகிற உரிமை அந்தச் சொல்லில் தொனிக்கிறது.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானம் கேட்பதும் இதைத்தான். சண்டையைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும், தீர்ந்தபின் ஊரை எழுப்புவதிலும் முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் இருக்கவேண்டும் என்கிறது. 2007-இல் ஐ.நா. பணிக்காக லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களாலான காவல் பிரிவை அனுப்பிய முதல் நாடு இந்தியா.

வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார்கள், ராணுவப்பேட்டை என்றே பெயர். எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்தால் அங்கே முதலில் போனை எடுப்பது அம்மாக்களும் மனைவிகளும்தான். அவர்களுக்காக, முதலில் சொன்ன தொடரை இப்படி எழுதலாம்: ‘இணக்கம் வளர்ப்பதிலும் நாட்டுப் பாதுகாப்பிலும் பெண்களின் பங்கு’.