காசுஸ் பெல்லி: காரணமா, சாக்கா?

எங்காவது போர் மூளும்போதெல்லாம் ஆங்கிலக் கட்டுரைகளில் 'காசுஸ் பெல்லி' என்ற லத்தீன் தொடர் எட்டிப்பார்க்கும். தமிழில் இதைப் 'போருக்கான காரணம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பொருந்தாது. ஏன் என்பது, வியட்நாமியர்கள் இதற்கு எந்தச் சொல்லை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும்.

முதலில் லத்தீன். 'பெல்லி' என்றால் 'போரின்'. 'காசுஸ்' என்பது 'விழு' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. வந்து விழுந்தது, நேர்ந்தது. கோர்ட் 'கேஸ்' கூட இதன் வாரிசுதான். ஆக, போர் தொடுக்கத் தோதாக வந்து வாய்த்த ஒரு நிகழ்வு, அவ்வளவுதான். பல வருஷப் பகை, நில ஆசை, பயம் எல்லாம் இதற்குள் வராது.

வியட்நாமிய மொழியில் காரணத்துக்கு 'ஙுயென் ஞன்' என்று ஒரு சொல் இருக்கிறது. (நம்மிடம் 'இங்ஙன'த்தைத் தவிர பெரிதாக வேலை இல்லாமல் கிடக்கும் ங-வுக்கு அங்கே ஓயாத வேலை.) சீனத்திலிருந்து வந்த, பாடப்புத்தக வாடை அடிக்கும் சொல். காசுஸ் பெல்லிக்கு இது ஒத்துவராது. அதற்கு 'கொ' என்ற குட்டிச் சொல்தான் சரி. அந்த உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை, தோராயமாக எழுதுகிறேன். இதுவும் பழைய சீனக் கடன்தான் என்றாலும் வீட்டுப் பேச்சில் ஊறிப்போனது. 'வோ கொ' என்றால் காரணமே இல்லாமல். 'லய் கொ' என்றால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு. ஒரே சொல் நியாயமான காரணத்தையும் நொண்டிச் சாக்கையும் சுமக்கிறது. அதோடு போரைக் கிளப்புதல் என்ற பொருளுள்ள 'கய் சியென்' சேர்ந்து 'கொ கய் சியென்' ஆனால், வம்புக்கு இழுத்தவன் சொல்லும் சாக்கு என்ற நெடி தானாக ஏறிவிடுகிறது.

அவர்கள் இதில் உஷாராக இருப்பதற்குக் காரணம் வரலாறு. 1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் அமெரிக்காவின் மேடாக்ஸ் கப்பலுக்கும் வடவியட்நாம் டார்பிடோ படகுகளுக்கும் நிஜமாகவே மோதல் நடந்தது. ஆகஸ்ட் 4 இரவு இரண்டாவது தாக்குதல் என்றது அமெரிக்கா. அது நடக்கவே இல்லை. மறுநாளே வடவியட்நாம்மீது குண்டுவீச்சு, 7ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தில் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம். கீழவையில் 416–0, செனட்டில் 88–2. இதைப் பற்றி எழுதும்போது வியட்நாமியர் 'ஸுங் லென்' என்ற வினையைப் போடுவார்கள். கம்பத்தை நட்டு நிறுத்துவதற்கும் அதே வினைதான். தமிழில் இதற்கு 'ஜோடித்தார்கள்' என்பதைவிடப் பொருத்தமாக வேறு இல்லை, பொய் வழக்கு ஜோடிப்பது மாதிரி. இன்னொன்று, அந்த வளைகுடாவை அவர்கள் டோங்கின் என்று சொல்வதில்லை. வட பகுதி வளைகுடா என்று பொருள்பட 'விஞ் பாக் போ' என்பார்கள். டோங்கின் என்பது ஹனோயின் பழைய பெயரான 'தோங் கிங்' ஐரோப்பியர் வாயில் சிதைந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சட்டத் தமிழில் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: முகாந்திரம். 'வழக்குப் பதிய முகாந்திரம் இருக்கிறது' என்று தினமும் படிக்கிறோமே, அதேதான். (இலங்கைக்காரர்களுக்கு அந்தக் காலத்துப் பதவிப் பெயர் நினைவுக்கு வரலாம், பரவாயில்லை.) ஓர் அரசு தன் தரப்பு நியாயமாக முன்வைக்கும்போது 'போர் முகாந்திரம்', அதை நம்பாத ஒருவர் எழுதும்போது 'போருக்குச் சாக்கு'. 'கொ' தனியாளாகச் செய்யும் வேலைக்கு நமக்கு இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. அதனால் மொழிபெயர்ப்பவர் யார் பக்கம் நின்று எழுதுகிறார் என்பதும் வெளியே தெரிந்துவிடும், தப்பிக்க முடியாது.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியப் புறத்திணையில் வெட்சி என்றால் பகைவன் ஆநிரையைக் கவர்ந்து வருவது, போர் அங்கேதான் தொடங்கும். பகை நாட்டின்மேல் படையெடுக்கும் வஞ்சிக்கு அடிப்படை மண்நசை, அதாவது நில ஆசை. மாடு முகாந்திரம், மண்தான் காரணம்.