மோஏத்: பண்டிகையா, குறித்த காலமா?

லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தைக் ‘கர்த்தருடைய பண்டிகைகள்’ என்ற தலைப்போடுதான் நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் அந்த வரிசையை நிதானமாகப் பார்த்தால் ஒரு நெருடல் தட்டுப்படும். வரிசையில் முதலில் நிற்பது வாரந்தோறும் வரும் ஓய்வுநாள். அதை யாரும் பண்டிகை என்று சொல்வதில்லை. ஏழாம் மாதம் பத்தாந்தேதி வரும் பாவநிவிர்த்தி நாளோ, விருந்துக்கு நேர் எதிரானது; ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்தி, உண்ணாமல் கழிக்க வேண்டிய நாள். ஓய்வையும் உபவாசத்தையும் விருந்தையும் ஒரே பெயரில் அடக்கும் அந்தச் சொல் எபிரெயத்தில் ‘மோஏத்’ என்பது; பன்மையில் ‘மோஅதீம்’. பண்டிகைகளின் தீர்க்கதரிசனப் பொருளைப் பற்றி நம் சபைகளில் பேசப்படுவதெல்லாம் இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது என்பதால், அதன் வேரை ஒருமுறை தோண்டிப் பார்ப்பது தகும்.

மோஏத் என்பது ‘யா-அத்’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். நாளையோ இடத்தையோ முன்கூட்டிக் குறித்தல், குறித்தபடி வந்து சந்தித்தல் என்ற இரண்டும் அந்த வினைக்குள் பிரியாமல் கிடக்கின்றன. ஆகவே மோஏத் என்பதற்குக் குறிக்கப்பட்ட வேளை என்றும், குறித்தபடி நடக்கும் சந்திப்பு என்றும் பொருள் சொல்லலாம். உண்பதோ ஆடுவதோ கொண்டாடுவதோ இந்த வேரில் இல்லை.

வேதத்தில் இச்சொல் வரும் இடங்களைத் தொட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சூரியனும் சந்திரனும் ‘காலங்களை’ குறிப்பதற்கென்று வைக்கப்படுகின்றன. அங்குள்ள சொல் மோஅதீம். சாராள் ‘தேவன் குறித்திருந்த காலத்திலே’ ஈசாக்கைப் பெற்றாள் என்னும் இடத்திலும் இதே சொல்தான். யோனத்தான் வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு, ஒளிந்திருக்கும் தாவீதைச் சந்திக்கக் குறித்த நேரத்தில் வயல்வெளிக்குப் போனானே, அந்தக் குறித்த நேரமும் மோஏத்தான். எரேமியாவின் எட்டாம் அதிகாரத்தில், வானத்தில் பறக்கும் நாரை தன் வேளையை அறியும் என்று ஒரு வசனம் உண்டு. ஆண்டுதோறும் வலசை போகும் பறவைக்குக்கூட மோஏத் தெரிகிறது, என் ஜனத்துக்குத் தெரியவில்லையே என்பது தீர்க்கதரிசியின் ஆற்றாமை.

இன்னொரு சான்று நம் கண்முன்னே இருந்தும் தமிழில் மறைந்து கிடக்கிறது. வனாந்தரத்தில் மோசே அமைத்த கூடாரத்துக்கு எபிரெயத்தில் ‘ஓஹெல் மோஏத்’ என்று பெயர். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை ‘ஆசரிப்புக் கூடாரம்’ என்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘சந்திப்புக் கூடாரம்’ என்கிறது. வேரோடு ஒட்டி நிற்பது பின்னதே. அந்தக் கூடாரவாசலிலே நான் உங்களைச் சந்திப்பேன் என்று யாத்திராகமம் 29-இல் கர்த்தர் சொல்லும்போது ‘சந்திப்பேன்’ என்பதற்கு ஆளப்பட்டிருப்பதும் அதே ‘யா-அத்’ வினைதான். கூடாரம் சந்திப்புக்குக் குறிக்கப்பட்ட இடம். மோஅதீம் சந்திப்புக்குக் குறிக்கப்பட்ட நாட்கள்.

அப்படியானால் எபிரெயத்தில் பண்டிகைக்குச் சொல்லே இல்லையா என்றால், இருக்கிறது: ‘ஹாக்’. வட்டமிட்டு ஆடுதல், யாத்திரையாய்ப் போய்க் கொண்டாடுதல் என்ற பொருள் அதில் உண்டு. அரபியில் உள்ள ‘ஹஜ்’ அதற்கு உடன்பிறந்த சொல். நியாயப்பிரமாணத்தில் ஆண்மக்கள் எல்லாரும் வருஷத்தில் மூன்று தரம் சந்நிதிக்கு வரவேண்டிய புளிப்பில்லாத அப்பப்பண்டிகை, வாரங்களின் பண்டிகை, கூடாரப்பண்டிகை ஆகிய மூன்றுக்குமே இச்சொல் சிறப்பாக உரியது. எக்காள நாளும் பாவநிவிர்த்தி நாளும் மோஏத் ஆகும், ஹாக் ஆகா. அதே அதிகாரத்தில் ‘மிக்ரா’ என்று மூன்றாவது சொல் ஒன்றும் வருகிறது. கூப்பிடுதல் என்ற வினையிலிருந்து வந்தது, ‘சபை கூடுதல்’ என்று நாம் வாசிப்பது அதைத்தான். மிக்ரா என்றால் ‘ஒத்திகை’ என்றும், பண்டிகைகள் வரப்போகும் நாடகத்துக்கு ஒத்திகை என்றும் அண்மைக்காலப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு அழைப்பு, கூடுகை, வாசிப்பு என்ற பொருள்கள் உண்டே தவிர, ஒத்திகை என்ற பொருள் இல்லை. பண்டிகைகள் நிழல், கிறிஸ்துவே பொருள் என்ற கருத்தை நிறுத்த வேறு உறுதியான தூண்கள் இருக்கும்போது இந்த முட்டுக்கொடுப்பு தேவையும் இல்லை.

மோஏத் பண்டிகையான கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் லேவியராகமம் 23-இல் மோஏத்துக்கு ‘ஹியோர்த்தே’, அதாவது விழா, என்று போட்டார்கள். பவுல் கொலோசெயருக்கு எழுதியபோது பண்டிகைநாள் என்ற இடத்தில் வைத்ததும் அச்சொல்லே. ஐரோப்பிய மொழிகளில் அது விருந்தைக் குறிக்கும் சொற்களாகவே இறங்கிற்று. தமிழில் வந்தமர்ந்த ‘பண்டிகை’ தெலுங்கின் ‘பண்டுக’வோடு உறவுடையது, சங்க நூல்களில் நாம் காணும் பழஞ்சொற்கள் விழா, விழவு என்பனவே. கத்தோலிக்கர் இன்றைக்கும் கூடார விழா, பாஸ்கா விழா என்பார்கள். சீர்திருத்த சபையார் நாவில் பண்டிகைதான். அறுவடைக்குப் பின் தென்மாவட்டக் கிறிஸ்தவ ஊர்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகையில், முதல் வாழைத்தாரும் முதல் படி நெல்லும் ஆலயத்துக்கு வந்து, பிறகு வாசலில் ஏலம் போகும்போது எழும் ஆரவாரத்தைக் கேட்டவர் எவரும் அதற்குப் பண்டிகை என்ற பெயர் பொருந்தாது என்று சொல்லமாட்டார். பொருந்தாதது மோஏத்தின் இன்னொரு பாதிக்கு.

அந்தப் பாதிக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை; நம் மொழிபெயர்ப்பே அதைப் பல இடங்களில் கையாண்டிருக்கிறது. ‘குறித்த காலம்’ என்பதுதான் அது. இதில் உள்ள ‘குறி’ என்ற சொல்லை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொல்காப்பியக் களவியலிலும் அகப்பாடல்களிலும் தலைவனும் தலைவியும் சந்திக்கவென்று முன்பே பேசிவைத்த இடத்துக்குக் ‘குறி’ என்று பெயர். பகலில் என்றால் பகற்குறி, இரவில் என்றால் இரவுக்குறி. முன்கூட்டிக் குறித்தலும் வந்து சந்தித்தலும் ஒரே சொல்லில் கூடிநிற்கும் இந்தத் தன்மை, யோனத்தான் வயலுக்குப் போன மோஏத்துக்கு அப்படியே பொருந்துகிறது. குறி என்பதற்கு அடையாளம் என்ற பொருளும் உண்டு. ஏழாம் மாதம் முதலாந்தேதியை எக்காளச் சத்தத்தின் ‘ஞாபகக்குறி’ என்று நம் வேதம் சொல்லும்போது, மொழிபெயர்த்தவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, சொல் சரியான இடத்தில் வந்து விழுந்திருக்கிறது.

இப்போது தீர்க்கதரிசனப் பொருளுக்கு வருவோம். ஆபகூக் இரண்டாம் அதிகாரத்தில் ‘குறித்தகாலத்துக்குத் தரிசனம் இன்னும் வைக்கப்பட்டிருக்கிறது’ என்னும் வசனத்தில் உள்ள குறித்தகாலமும் மோஏத்தான். ஆகவே பண்டிகைக்குரிய சொல்லும் தரிசனம் நிறைவேறும் வேளைக்குரிய சொல்லும் எபிரெயக் காதுக்கு ஒன்றே. விசுவாசிகள் பண்டிகைகளில் கிறிஸ்துவைக் காண்பது இந்த வாசல் வழியாகத்தான். பவுல் அவற்றை வருங்காரியங்களுக்கு நிழல் என்று சொல்லிவிட்டு, அவற்றின் ‘பொருள்’ கிறிஸ்துவைப் பற்றியது என்கிறார். மூலத்தில் அங்கே இருப்பது உடல் என்னும் சொல். நிழலை விழச்செய்யும் உடல். தமிழில் பொருள் என்றதனால் உருவுடைய வஸ்து, அர்த்தம் ஆகிய இரண்டும் ஒருசேரக் கிடைத்துவிட்டன.

பஸ்காவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து’ என்று அப்போஸ்தலனே எழுதிவிட்டார். பஸ்கா ஆட்டின் எலும்பு முறிக்கப்படலாகாது என்ற கட்டளையைச் சிலுவையடியில் யோவான் நினைவுகூருகிறார். நின்று பார்க்க வேண்டியது அதன்பின் வரும் கதிர்க்கட்டு. அப்போது இஸ்ரவேலில் வாற்கோதுமை விளைந்து நிற்கும். ஓய்வுநாளுக்கு மறுநாளில் ஆசாரியன் முதல் கதிர்க்கட்டைச் சந்நிதியில் அசைவாட்டும் வரை, புதிய தானியத்தில் அப்பமோ வறுத்த கதிரோ பச்சைக்கதிரோ எவரும் வாயில் வைக்கலாகாது. வயல் முழுதும் விளைந்திருந்தாலும் அந்த ஒரு கட்டுக்காக ஊரே காத்திருக்கும். அந்த ஓய்வுநாள் வாரத்தின் ஏழாம் நாளா, பண்டிகையின் முதல் நாளா என்பதில் யூத சமயப் பிரிவினரான சதுசேயருக்கும் பரிசேயருக்கும் நெடுங்காலம் வழக்கு இருந்தது. சதுசேயர் கணக்கில் அது எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் விழும். கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்து ‘முதற்பலனானார்’ என்று பவுல் எழுதும்போது, கல்லறை திறந்த அந்த வாரத்தின் முதல்நாளையும் இந்தக் கட்டையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. முதற்பலன் என்பதற்குள்ளேயே பின்னால் வரப்போகும் முழு அறுவடைக்கான வாக்கும் அடங்கியிருக்கிறது.

கதிர்க்கட்டிலிருந்து ஏழு வாரங்களை எண்ணினால் ஐம்பதாம் நாள். கிரேக்கத்தில் ‘பெந்தெகொஸ்தே’ என்றால் ஐம்பதாவது என்றே பொருள். நம் ஊரில் அது ஒரு சபைப் பிரிவின் பெயராகிவிட்டதால் இந்த எண் மறந்துபோயிற்று. அன்று படைக்கப்படும் இரண்டு அப்பங்கள் புளித்த மாவில் சுடப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. யூதரும் புறஜாதியாரும் தங்கள் குறைகளோடு ஒரே சபையாய்ச் சேர்க்கப்படுவதற்கு அது நிழல் என்று பலர் விளக்குகிறார்கள். லேவியராகமம் அப்படிச் சொல்லவில்லை என்றாலும், அந்த விளக்கத்தை வலிந்து புகுத்தியது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் மாதத்து மோஅதீம் மூன்றும் இனி நிறைவேறவேண்டியவை என்பது பரவலான போதனை. எக்காளம் கர்த்தரின் வருகையையும், பாவநிவிர்த்தி நாள் இஸ்ரவேல் தாங்கள் குத்தினவரை நோக்கிப் புலம்பித் திரும்புவதையும், கூடாரம் சகல ஜாதிகளும் எருசலேமில் கூடும் அரசாட்சியையும் காட்டுவதாகச் சொல்வார்கள். சகரியாவின் கடைசி அதிகாரங்கள் இதற்கு இடம் தருகின்றன. ஆனால் பஸ்கா, புளிப்பில்லாத அப்பம், கதிர்க்கட்டு, பெந்தெகொஸ்தே என்ற முன் நான்கு முடிந்தவை, பின் மூன்று வரவேண்டியவை என்று கோடு போட்டுப் பிரிப்பதை வேதமே முழுதாய் ஒப்புக்கொள்வதில்லை. பிரதான ஆசாரியன் ஆண்டுக்கு ஒருதரம் இரத்தத்தோடு உள்ளே போன அந்த நாளைக் கிறிஸ்து ஒரேதரம் நிறைவேற்றினார் என்று எபிரெயர் நிருபம் பேசுகிறது. கூடாரப்பண்டிகையின் நாட்களில் சீலோவாம் குளத்துத் தண்ணீரைப் பொற்குடத்தில் மொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அந்தப் பண்டிகையின் கடைசி நாளிலே, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று இயேசு சத்தமிட்டுச் சொன்னார். வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே ‘வாசம்பண்ணினார்’ என்னும் யோவானின் கிரேக்க வினைக்கே கூடாரமிட்டார் என்றுதான் சொற்பொருள். ஆகவே ஏழாம் மாதத்திலும் நிறைவேறியதும் வரவேண்டியதும் கலந்தே நிற்கின்றன.

குறித்த காலம் என்றவுடன் கணக்குப் போட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள், ஏழாம் மாதம் பத்தாந்தேதி என்ற கணக்கில் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். 2014, 2015 ஆண்டுகளில் பஸ்காவிலும் கூடாரப்பண்டிகையிலும் அடுத்தடுத்து நான்கு முழுச் சந்திர கிரகணங்கள் வந்தபோது அதையும் அடையாளம் என்றார்கள். இரண்டு பண்டிகைகளும் பௌர்ணமியை ஒட்டித் தொடங்குபவை. சந்திர கிரகணமும் பௌர்ணமியில் மட்டுமே வருவது. இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் மோஏத்தின் வினையை மாற்றிப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லில் நாளைக் குறிப்பவர் அழைக்கிறவர். அழைக்கப்பட்டவர் செய்யவேண்டியது குறித்த இடத்தில் இருப்பது.

உயிர்த்தெழுந்தபின் நாற்பது நாள் சீஷர்களுக்குக் காணப்பட்ட இயேசுவிடம், ராஜ்யத்தை இக்காலத்திலா திரும்பக் கொடுப்பீர் என்று அவர்கள் கேட்டபோது, பிதா தம் ஆதீனத்தில் வைத்திருக்கும் காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்றார். கதிர்க்கட்டுக்கும் ஐம்பதாம் நாளுக்கும் நடுவில், அந்த எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன பதில் அது. எருசலேமை விட்டுப் போகாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். எஞ்சியிருந்த ஏறக்குறைய பத்து நாளும் அவர்கள் மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். பெந்தெகொஸ்தே நாள் ‘வந்தபோது’ என்று நம் வேதத்தில் வாசிக்கிறோம்; லூக்கா எழுதிய வினை ‘நிறைவடைந்தபோது’ என்பது. அன்று அவர்கள் எல்லாரும் ஒருமனப்பட்டு ஓரிடத்திலே கூடியிருந்தார்கள்.