ரிவ்யூ பாமிங்: மதிப்புரை முற்றுகை

வீடியோ கேம் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் 'ரிவ்யூ பாமிங்'. ஒரு கேமின் மீதோ அதை வெளியிட்ட நிறுவனத்தின் மீதோ கோபம் கொண்ட ரசிகர்கள், குறுகிய நேரத்துக்குள் திரண்டு வந்து அடிமட்ட மதிப்பெண்ணாகப் போட்டு, சராசரியைக் கீழே இழுத்துவிடுவார்கள். மதிப்பெண் விழுவது கேமுக்கு. கோபமோ பெரும்பாலும் வேறொன்றின் மேல் இருக்கும்: விலை, திடீரென்று புகுத்திய ஒரு நிபந்தனை, கதையில் ஒரு பாத்திரத்தின் சாவு, நிறுவனத்தார் எங்கோ சொன்ன ஒரு வார்த்தை.

இந்தச் சொல் 2008-லேயே எழுத்தில் வந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் 'ஸ்போர்' என்ற கேம் வெளிவந்தது. காசு கொடுத்து வாங்கிய கேமை மூன்று முறைதான் கணினியில் நிறுவிப் பதிவுசெய்யலாம் என்று எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஒரு பூட்டுப் போட்டிருந்தது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அமேசானில் சில நாட்களிலேயே ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. ஆர்ஸ் டெக்னிக்கா என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் இதைப் பற்றி எழுதிய பென் குச்சேரா இந்தச் சொல்லைக் கையாண்டார். நமக்குத் தெரிந்த மிகப் பழைய பயன்பாடுகளில் அதுவும் ஒன்று. தேடல் முடிவுகளைக் கூட்டாகத் திரிப்பதற்குக் 'கூகுள் பாமிங்' என்ற பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததால், 'பாமிங்' ஏற்கெனவே இணையத்துக்குப் பழகிய சொல்தான்.

அந்த 'பாம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சுவையானது. முழக்கம், ரீங்காரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் 'பாம்போஸ்'. அது லத்தீனில் 'பாம்பஸ்' ஆகி, இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரீங்காரமிடும் ஒரு தேனீ வகைக்கு அறிவியல் பெயரும் 'பாம்பஸ்' தான். ஆக, ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது ஓசை. நம் 'குண்டு'வின் அடியில் இருப்பதோ உருண்டை வடிவம்: கோலிக்குண்டு, இரும்புக்குண்டு, குண்டுக் கன்னம். 'விமர்சனக் குண்டுவீச்சு' என்று நேராகப் பெயர்த்தால் அழிவு மட்டும் கண்ணில் நிற்கிறது, ஓசை காணாமல் போகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஓசைதான். சத்தத்தின் அளவை வைத்துத் தலைகளை எண்ண முடியாது.

2016 மே மாதம் 'கால் ஆஃப் டியூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர்' முன்னோட்டம் யூடியூபில் வந்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'பிடிக்கவில்லை' பொத்தானை அழுத்தினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற கேம் எது? அதுவேதான். சரி, அப்படியானால் கத்தியவர்கள் முழுக்கத் தவறா? அதுவும் இல்லை. தான் எதிர்பார்த்த அளவுக்கு அது போகவில்லை என்று அதை வெளியிட்ட ஆக்டிவிஷன் பின்னர் ஒப்புக்கொண்டது. சத்தத்தில் ஒரு சேதி இருந்தது. ஆனால் அந்தச் சேதி, அந்தச் சத்தத்தின் அளவுக்குப் பெரியதல்ல.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2' 2020 ஜூன் 19 அன்று வெளியானது. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது. கதை முன்கூட்டியே கசிந்திருந்ததால், வெளியான முதல் நாளே, விமர்சகர்கள், ரசிகர்கள் மதிப்பெண்களைத் திரட்டிக் காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பூஜ்யங்கள் வந்து விழுந்தன. அங்கே மதிப்பெண் போடக் கேமை வாங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. விமர்சகர்களின் சராசரி 93 என்று நிற்க, ரசிகர்களின் சராசரி முதல் சில நாட்களில் பத்துக்கு நாலைக்கூடத் தொடவில்லை. மூன்று நாளில் விற்றவை நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல். வெளியாகி 36 மணி நேரம் கழித்தே மதிப்பெண் போடலாம் என்று அந்தத் தளம் பிறகு விதியை மாற்றியது.

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை வேறு மாதிரி. கேம் உங்கள் கணக்கில் இருந்தால்தான் எழுத முடியும். அங்கே மதிப்புரைகளுக்கு ஒரு வரைபடம் உண்டு: பாராட்டு நீலப் பட்டையாக மேலே எழும், குறை சிவப்புப் பட்டையாகக் கீழே தொங்கும். 'ஹெல்டைவர்ஸ் 2' பக்கத்தைத் திறந்து 2024 மே மாதத் தொடக்கத்தைப் பாருங்கள். சிவப்புப் பட்டை கிணற்றில் இறக்கிய கயிறு மாதிரி கீழே போயிருக்கும். பிளேஸ்டேஷன் கணக்கு இல்லாமல் கணினியில் ஆட முடியாது என்று கேமை வெளியிட்ட சோனி அறிவித்ததன் விளைவு அது. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளில் இருந்தவர்களும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் விழுந்தன, சில நாளில் சோனி பின்வாங்கியது. அப்புறம் பலர் திரும்பி வந்து தங்கள் சிவப்பை நீலமாக மாற்றினார்கள். கேம் அப்படியே இருந்தது. கோரிக்கை நிறைவேறியது, அவ்வளவுதான். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: அந்தக் கேம் பன்னிரண்டு வாரத்தில் விற்றது 1.2 கோடி. இரண்டு லட்சம் என்பது அதில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அந்த வரைபடம் சொல்லாது.

இந்தக் காட்சிக்குத் தமிழில் அச்சாகப் பொருந்தும் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: முற்றுகை. 'முற்றுதல்' என்றால் சூழ்ந்துகொள்ளுதல். கோட்டைப் போரைப் பற்றிய உழிஞைத் திணையைச் சொல்லும் தொல்காப்பியம் 'முற்றலும் கோடலும்' என்கிறது. அதாவது, கோட்டையைச் சூழ்வதும் கைப்பற்றுவதும். இன்றும் ஆட்சியர் அலுவலகத்தின் முன் மக்கள் திரண்டால் 'முற்றுகைப் போராட்டம்' என்றுதான் நாளிதழ் எழுதுகிறது. அதைப் படிப்பவர் யாரும் ஊரே வாசலில் நிற்பதாக நினைப்பதில்லை. வந்தவர்கள் எத்தனை பேர், என்ன கேட்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். கேம் மதிப்பெண் சரியும்போதும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். எதிர்ப்பைச் சமன்செய்யப் பத்துக்குப் பத்து போட வரும் ரசிகர்களுக்கும் இந்த மரபில் இடம் உண்டு: கோட்டைக்குள் நின்று காப்பவர்கள் சூடுவது நொச்சிப் பூ.

'ரிவ்யூ'வுக்கு விமர்சனத்தைவிட மதிப்புரையே ஏற்றது. பேச்சில் 'விமர்சித்தான்' என்றாலே குறை சொன்னான் என்று ஆகிவிட்டது. நூல் மதிப்புரை என்று பத்திரிகைகள் பழக்கிய சொல்லில் அந்தச் சாய்வு இல்லை.

வினையாகவும் எளிதாக வரும்: "கணக்கு நிபந்தனையை எதிர்த்து ஹெல்டைவர்ஸ் 2-ஐ ரசிகர்கள் மதிப்புரைகளால் முற்றுகையிட்டனர்; நிபந்தனை கைவிடப்பட்டதும் முற்றுகை விலகியது."